மாத்திரை டின்னை ஒளித்து வைக்க மாட்டேன்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. சுமதியின் அப்பா அம்மா அடுத்த மாதம் பாகான் செராயிலிருந்து நம் வீட்டுக்கு நிச்சயம் பேச வருகிறார்கள் என்று படித்ததும், சட்டியில் கடலை வறுபட்டுக்கொண்டிருப்பதையே மறந்து நின்றேன். கருகிப் போன கடலையைத் தனியாக அள்ளி வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். வயர்மேன் சோதனையில் இரண்டு தடவை தவறியும் விடாமல் மூன்றாம் தடவை எழுதிப் பாஸ் ஆனாய். பட்டர்வொர்த்தில் ஆள் தெரியாத இடத்தில் அறை எடுத்துத் தங்கி, ஃபேக்டரியில் நல்ல பேர் வாங்கினாய். அங்கேயே வேலை செய்கிற சுமதியை மனசுக்குப் பிடித்து நீயே பார்த்துக்கொண்டாய். உன்னை நினைத்து எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் மூன்று வரி எழுதியிருந்தாயே, அதை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை. அவர்கள் வரும்போது அப்பாவின் மாத்திரை டின்னை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள், அப்பாவை அதிகம் பேச விடாதீர்கள், பழைய கதை எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய்.

டின்னை நான் ஒளித்து வைக்க மாட்டேன் ஐயா. கோபத்தில் சொல்லவில்லை. ஒளிக்கிற பழக்கத்தை உனக்குக் கற்றுக் கொடுத்தவளே நான்தான். அதனால் அதை விட்டுவிடு என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. அந்தப் பத்து நாளில் இங்கே சில காரியங்கள் நடந்துவிட்டன. அதைச் சொல்வதற்கு முன்னால் உனக்குப் பாதி தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து முழுசாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வேலை இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம் நாம் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் பால் மரங்களை அழித்துவிட்டுச் செம்பனை போட ஆரம்பித்தார்கள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு நாம் ஈப்போவில் இந்தப் புந்தோங்குக்கு வந்தோம். கச்சாங் பூத்தே பலகாரம் செய்கிற வீடு இரண்டு வாசல் தள்ளி இருந்ததால், முறுக்குப் பிழியவும் கடலை வறுக்கவும் எனக்கு வந்த மறுநாளே வேலை கிடைத்துவிட்டது. அப்பா ஒரு பலகைக் கிடங்கில் சேர்ந்தார். பதினான்கு வயதிலிருந்து மரம் வெட்டிப் பால் எடுத்த மனுஷர், அறுத்துப் போட்ட பலகைகளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குத் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஊர் மாறியதால் அப்படி, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வேலைக்குப் போகவில்லை. பழைய தோட்டத்துக்கு நடந்தே போயிருக்கிறார். அழிக்காமல் மிச்சமிருந்த மரங்களை வரிசையாக வெட்டிக்கொண்டு போயிருக்கிறார். எந்த மரத்திலும் பால் பிடிக்கும் கோப்பை இல்லை. பால் பட்டையில் வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்ததாம். அங்கேயே தங்கிவிட்ட நம் பழைய பக்கத்து வீட்டு முனியாண்டிதான் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, இங்க வேலைலாம் முடிஞ்சி போச்சிலா. வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்திருக்கிறார்.

"இரு முனியாண்டி, இன்னும் ரெண்டு நெறை இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த மரத்துக்குப் போய்விட்டாராம். அந்த இரண்டு வரிசையையும் அவர் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்து, பிறகு கூட்டிக்கொண்டு வந்தார் அந்த மனுஷர். அவருக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். கிளினிக்கில் டாக்டர் அப்பாவிடம் ரொம்ப நேரம் பேசிப் பார்த்துவிட்டு, தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சீட்டு எழுதினார்.

அந்த ஊர்ப் பேரை நம் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் சண்டை போட்டால்கூட "ஒன்ன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். நான் எனக்காகப் பயப்படவில்லை, உனக்காகப் பயந்தேன். உன்னை உட்கார வைத்து, "யாரு கேட்டாலும் அப்பா சிங்கப்பூர்ல வேலை செய்றாருன்னு சொல்லு" என்றேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். இருந்தும் நீ தலையை ஆட்டினாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஏன் என்று கேட்காமல் தலையாட்டியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் நான் போனேன். காலையில் உன்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு டவுனுக்குப் போய், அங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தான் பஸ் பிடிப்பேன். ஆஸ்பத்திரி மரத்தடி பெஞ்சில் அப்பாவைக் கொண்டு வந்து உட்கார வைப்பார்கள். நான் ஒரு பொட்டலம் கடலையைப் பிரித்து நடுவில் வைப்பேன். நீ என்ன படித்தாய், யார் வீட்டில் கல்யாணம், கூரை எங்கே ஒழுகுகிறது என்று நானே பேசிக்கொண்டிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். நேரம் முடிந்ததும் எழுந்து வருவேன். ஆறு மாதம் இப்படியே போனது. பஸ் கண்டக்டரே, "அக்கா, இன்னிக்கும் அங்கதானா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

உன் மாமா கிள்ளானிலிருந்து வந்தான். என் கூடப் பிறந்தவன், என் மேல் உயிராக இருப்பவன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"அக்கா, விட்டுடு. அங்க போனவங்க யாரு திரும்பி வந்தா சொல்லு? பையனக் கூட்டிக்கிட்டு எங்கூட வந்துடு. மாமாவ அவங்க பாத்துக்குவாங்க. நீ போறதுகூட அவருக்குத் தெரியலியே."

"தெரியுது" என்றேன்.

"எப்படித் தெரியுது?"

அதற்கு முந்தின சனிக்கிழமை நடந்ததை அவனிடம் சொன்னேன். அப்பா கடலையை எடுத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த பருப்பில் பாதியைக் காகிதத்தில் என் பக்கமாக ஒதுக்கி வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஒதுக்கி வைத்தார். உன் மாமா, "இதுக்காக்கா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் கிள்ளானுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகும் நாலு மாதம். ஒரு சனிக்கிழமை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "மழ வருது புள்ள. காயப் போட்ட துணியெல்லாம் எடுத்துட்டியா?" என்றார். பத்து மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "எடுத்துட்டேங்க, மடிச்சி வச்சிட்டேன்" என்று சொன்னேன். பொய்தான். துணி கொடியில்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டு மலாய்க்காரப் பாட்டி தன் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தார், நான் அப்படி அழுதுகொண்டு வந்தேன்.

அப்பா அங்கே இருந்தது மொத்தம் இரண்டு வருஷத்துக்கும் மேல். அந்த டாக்டர்களும் ஊசி மருந்து போடும் டிரஸர்களும் அவரை மனுஷராக நடத்தினார்கள், மருந்தும் வேலை செய்தது. என்னுடைய பிடிவாதம் மட்டுமே அவரைக் கொண்டு வந்தது என்று பெருமை பேச மாட்டேன். ஆனால் விட்டிருந்தால் அவர் திரும்பி வர ஒரு வீடு இருந்திருக்காது. அதுவரை நான் செய்தது சரி. அதற்குப் பிறகு செய்ததைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தவரை நான் விடவே இல்லை. சனிக்கிழமை மட்டும் பார்த்துப் பழகிய கண், இப்போது நாள் முழுக்கப் பார்த்தது. மாத்திரையை நானே எடுத்து வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். காய் நறுக்கும் கத்தியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அவர் கடைக்குக் கிளம்பினால் பின்னாலேயே உன்னை அனுப்பினேன். அவர் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூட வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்ப்பேன். உன்னிடமும் வாயை மூடச் சொன்னேன். பள்ளியில் சண்டை, காய்ச்சல், மார்க் குறைவு எதையும் அப்பாவிடம் சொல்லக் கூடாது, அவர் மனசு தாங்காது என்றேன். அப்பா ஒரு பக்கம், நாம் இரண்டு பேரும் இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. அது அன்பு என்றே நான் நம்பினேன்.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. உன்னோடு படித்த பையன் ஒருவன் வாசலில் வந்து நின்று, உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவைக் காட்டி, "அது யாருடா?" என்று கேட்டான். நீ சட்டென்று, "எங்க மாமா" என்றாய். சிங்கப்பூரில் இருக்கிற அப்பா எப்படி இங்கே வந்தார் என்று அவன் அடுத்துக் கேட்பானே, அதனால் சொன்னாய். நான் அடுப்படியில் இருந்தேன், கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நீ இரண்டு நாள் அவர் முன்னால் வராமல் ஒளிந்து திரிந்தாய். இத்தனை வருஷமாக அதைப் பற்றி நாம் மூன்று பேரும் பேசியதே இல்லை. ஆனால் நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஐயா, நன்றாகக் கேட்டுக்கொள். அந்தப் பொய் உன்னுடையது இல்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை நீ ஒப்பித்தாய். அந்தப் பாரத்தை இன்றோடு என்னிடம் கொடுத்துவிடு.

தம்பூன் பக்கத்தில் பம்பளிமாசுத் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே அப்பாவை வேலைக்குக் கூப்பிட்டார். கிளை கழிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். அப்பா தம் பழைய கத்தியைக் கேட்டார். நான் அதை எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டிருந்தேன். அதைச் சொல்லாமல், "கத்தி வேலைலாம் இப்ப எதுக்குங்க? ஒடம்பு தேறட்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் போல என்றைக்கும் பார்த்ததில்லை.

"புள்ள, அங்க நீ சனிக்கெழம சனிக்கெழம வருவ. நான் பேசாட்டியும் நீ வாரது எனக்குத் தெரியும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் இருந்தேன். இங்க வந்தப்புறம் நீ பாத்துக்கிட்டே இருக்க. எனக்கு மூச்சு முட்டுது. எம்புள்ள என்னைப் பாத்துப் பயப்படுறான். நான் அங்க இருந்தப்பகூட இவ்வளவு நோயாளியா இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. இத்தனை செய்தவளைப் பார்த்து இப்படிச் சொல்கிறாரே என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது அச்சைக் கையில் வைத்தபடி யோசித்தேன். அங்கே போய்க்கொண்டிருந்தது அவருக்காக. இங்கே கண்காணித்துக்கொண்டிருப்பது யாருக்காக? என் பயம் அடங்குவதற்காக. போகும் பழக்கத்துக்கு அவர் பக்கத்திலிருந்து பதில் வந்தது, உரித்த கடலைப் பருப்பாகவாவது வந்தது. கண்காணிக்கும் பழக்கத்தால் அவர் சுருங்கிக்கொண்டே போனார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே பிடிவாதமாகத்தான் தெரியும். செய்கிறவளுக்கே அப்படித்தான் தெரிந்தது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அதனால் எதிரில் இருப்பவர் கொஞ்சமாவது நிமிர்கிறாரா, இல்லை குனிகிறாரா என்று பார். நிமிர்ந்தால் ஊரே சொன்னாலும் விடாதே. குனிந்தால், எவ்வளவு அன்பில் தொடங்கியதாக இருந்தாலும் விட்டுவிடு.

நானே டவுனுக்குப் போய்ப் புதிய கத்தி வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். மாத்திரை டின்னையும் கொடுத்தேன். உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. முதல் நாள் அவர் வேலைக்குப் போன பிறகு அடுத்த பஸ்ஸில் நானும் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஏணியில் நின்று கிளை கழித்துக்கொண்டிருந்தார். கீழே நின்ற தவுக்கே ஏதோ சொல்ல, இவர் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை.

எல்லாம் அதோடு சுகமாக முடிந்துவிடவும் இல்லை. நீ மூன்றாம் பாரம் படித்த வருஷம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு மாதத்தில் பழையபடி தூக்கம் போனது. நான் திரும்பவும் டின்னைப் பிடுங்கிக்கொள்ளத் துடித்தேன். பிடுங்கவில்லை. "தூக்கம் வரலியாங்க?" என்று மட்டும் கேட்டேன். ஆரம்பத்தில் கேட்காமல் விட்ட அதே கேள்வி. அவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் தானாகவே கிளினிக்குக்குப் போனார். அன்றிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. அந்தப் பழக்கம் ஒன்றை மட்டும் அவர் விடவே கூடாது. அவருக்கும் அது தெரியும்.

இப்போது இந்தப் பத்து நாளுக்கு வருகிறேன். உன் கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அப்பா அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வாரோ என்று நின்றேன். "பையன் பயப்படுறான்" என்றார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம பாகான் செராய்க்குப் போலாமா?" என்று கேட்டார்.

உனக்குச் சொல்லாமல் போனோம். சொன்னால் தடுத்திருப்பாய். தைப்பிங்கில் பஸ் மாறி, வயல்களைப் பார்த்துக்கொண்டே போனோம். சுமதியின் அப்பா அரிசி ஆலையில் லாரி ஓட்டுகிறவர் என்று எழுதியிருந்தாயே, அந்த ஆலையைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். முன்கூட்டியே தேதி பேச வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சந்தோஷமாக வரவேற்றுத் தேநீர் கொடுத்தார்கள். அப்பா கோப்பையைத் தொடவில்லை.

"நான் பேச வேண்டியத பேசிடுறேன், அப்புறமா குடிக்கிறேன்" என்றார். "உங்க பொண்ண எங்க வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்ன நீங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும். நான் தஞ்சோங் ரம்புத்தான்ல ரெண்டு வருசத்துக்கு மேல இருந்தவன். இப்ப நல்லாருக்கேன், வேலை செய்றேன். தெனமும் மருந்து சாப்புடுறேன். கடைசிவரைக்கும் சாப்புடணும்."

சுமதியின் அம்மாதான் தயங்கித் தயங்கி, "தம்பிக்கும் அப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். "வராதுன்னு யாராலயும் எழுதிக் குடுக்க முடியாதுங்க. வந்தா மருந்து இருக்கு." உள் வாசலில் நின்றிருந்த சுமதி, "இத ஏன் அவரு எங்கிட்ட சொல்லல?" என்றாள். குரல் நடுங்கியது. நோயை நினைத்து நடுங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

"அவன் மேல தப்பு இல்லம்மா" என்றார் அப்பா. "சொல்லாத, சொல்லாதன்னு பழக்குனது நாங்க." நாங்கள் என்றார், ஐயா. பழக்கியது நான் ஒருத்திதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார் அவள் அப்பா. திரும்பும்போது பஸ்ஸில் உன் அப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். நான்தான் உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். நேற்று, வியாழக்கிழமை, ஈப்போவுக்கு அரிசி இறக்க வந்த சுமதியின் அப்பா லாரியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, எங்க சித்தப்பா ஒருத்தரு இருந்தாரு" என்று அப்பாவிடம் ஆரம்பித்தார். "வெளிய தெரிஞ்சா வெக்கம்னு பின்கட்டு ரூம்லயே வச்சிப் பூட்டிட்டாங்க. ஆஸ்பத்திரி, மருந்து எதுவுமில்ல. அதுலயே அவரு கதை முடிஞ்சிடுச்சி. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசமாச்சி, எம்பொண்டாட்டிகிட்ட நான் இத வாயத் தொறந்ததில்ல. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குத்தான் சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிச்சயத்த அடுத்த மாசமே வச்சிக்கலாம். ஆனா எம்பொண்ணுக்கு ஒரு வருத்தம் இருக்கு. அத மாப்பிள்ளதான் தீக்கணும்."

இந்த வாரம் சுமதி உன்னிடம் கொஞ்சம் ஒதுங்கி நடந்திருப்பாள். அதற்குக் காரணம் இதுதான். அவளாக ஆரம்பிக்க மாட்டாள், நீ சொல்வாய் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய்ப் பேசு. பேச்சு வராவிட்டால் இதையே அவளிடம் படிக்கக் கொடு.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அப்பாவோடு இங்கே வருகிறாள். உன் அப்பாவிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறதாம். நீயும் முதல் பஸ்ஸில் வந்துவிடு. அப்பா பேசும்போது ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய் நின்றுவிடாதே, அவர் பக்கத்தில் உட்கார். அந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நீ எப்படி வளர்ந்தாய், என்ன சாப்பிட்டாய், எதற்கெல்லாம் அழுதாய் என்று ஒன்றும் தெரியாது. அதையெல்லாம் நீதான் அவருக்கும் அவளுக்கும் சொல்ல வேண்டும்.

அம்மா